குதிரை வாகனத்தில் நான் பூசிய மருந்து

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். அதில் ஆரம்பித்தால் உன் இருமல், மருமகளின் முழங்கால் வலி, பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காத கதை என்று போய்க்கொண்டே இருந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை மணி மத்தியானம் மூன்றரை. "இப்ப எதுக்கும்மா சாப்பாடு?" என்று நீ சிரித்தாய். தாளில் எழுதினால் நீ சிரிப்பதும் பேசுவதும் என் காதில் விழாது, அதனால் முழுதாகச் சொல்லிவிட முடியும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்படாமல் படி. ஆபீஸில் வைத்துப் படிக்காதே.

உன் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அனுப்பியிருந்தாய். உன் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற குதிரை வாகனம் கோயிலுக்குத் திரும்பிப் போகும்போது அதன் பக்கத்தில் ஒரு பலகை வைக்கப்போகிறார்கள், அதில் எழுதுவதற்கு, தமிழைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். ஆறாம் வகுப்போடு நின்றவளிடம் கெமிஸ்ட்ரி படித்தவன் தமிழ் திருத்தக் கொடுக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நான்கு பத்தியில் ஏழு இடத்தில் கோடு போட்டேன். ஐந்தாவது பத்தி இப்படி இருந்தது: "வாகனத்தின் மூல மரத்தில் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் காணப்பட்டது. கோயில் நிர்வாகத்தின் தகவலின்படி, அக்காலத்தில் அஞ்சலை என்ற பெண் வாகனத்தைத் தொடர்ந்து கழுவி வந்துள்ளார். அவர் ஏதேனும் ஒரு திரவத்தைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்." தமிழில் ஒரு தப்பும் இல்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தம்பி, அந்த மருந்தைப் பூசியது நான். அஞ்சலை அக்கா இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் என்னை உன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாய், நினைவிருக்கிறதா? குதிரையின் வயிற்றிலிருந்து அரிசி அளவுகூட இல்லாத ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பெரிதாக்கித் திரையில் காட்டினாய். "கூய் லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு பாருங்கம்மா" என்றாய். அப்படித்தான் இருந்தது. மேலே சிவப்பு பெயின்ட், அதற்குக் கீழே சாம்பல், பிறகு ஃபைபர்கிளாஸ், அப்புறம் மஞ்சளாகப் பள்ளம் நிரப்புகிற புட்டி, கடைசியில் மரம். சேணத்தில் இருக்கிற சிவப்பு லோரிக்கு அடிக்கிற பெயின்ட் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னபோது நாம் இருவரும் எப்படிச் சிரித்தோம். கிள்ளானில் லோரிக்கு ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்த உன் அப்பா, அம்மனின் குதிரைக்கும் அதே கையோடு புட்டி வைத்து லோரி பெயின்டே அடித்தார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை நீ அறிக்கையிலும் எழுதியிருக்கிறாய், அவர் பெயரோடு. அந்தப் பத்தியை நான் மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நீ துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து மரத்தின் மேல் வைத்தாய். திரையில் ஒரு கோடு எழும்பியது. இது ஆர்சனிக், இந்த மாதிரி மருந்தை அந்தக் காலத்தில் மியூசியத்தில்தான் போடுவார்கள், இந்தக் குதிரை மியூசியம் பக்கமே போனதில்லை என்றாய். "யாரும்மா போட்டிருப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். "எனக்கு எப்படிப்பா தெரியும்" என்றேன். உடனே கழிவறை எங்கே என்று கேட்டேன். உள்ளே போய்க் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

உன்னை ரப்பர் தோட்டத்துக் கதை சொல்லி வளர்த்தவள் இல்லை நான். அங்கே ஏங்குவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே மருந்தடிக்கிற வேலை. முதுகில் மருந்து நிரப்பிய தோம்பைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை லாலாங் புல்லுக்கு மருந்தடிப்போம், எட்டுப் பெண்கள். அஞ்சலை அக்காவும் அதில் ஒருத்தி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. அந்தத் தோட்டத்துக் கோயிலில்தான் இந்தக் குதிரை இருந்தது. யாருடைய தாத்தா காலத்திலோ ஊரிலிருந்து கப்பலில் வந்தது. திருவிழாவில் அம்மன் அதன் மேல்தான் ஊர்வலம் போவாள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், குதிரையின் வயிற்றிலும் பின்னங்காலிலும் கரையான் ஏறிவிட்டது. தட்டினால் வெறும் டின்னைத் தட்டுகிற சத்தம். கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு சிமெண்டில் ஒன்று செய்துவிடலாம் என்றார் கோயில் தலைவர். உன் அப்பாதான் குறுக்கே விழுந்து, நான் சரி பண்ணித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டார். பழைய பெயின்டையெல்லாம் சுரண்டினார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்துக் கரையான் மறுபடி வந்து நின்றது. மனுஷன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நான் யோசனை சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாகடிக்க ஒரு மருந்து இருந்தது. பட்டையைச் சுற்றிச் சீவிவிட்டு அதைப் பூசினால் மரம் நின்றபடியே காய்ந்துபோகும். என் காலத்தில் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் ஸ்டோரின் மூலையில் ஒரு பீப்பாய் மிச்சம் கிடந்தது, மண்டையோட்டுப் படத்தோடு. முப்பது வருஷத்து மரத்தையே சாய்க்கிறது, கரையானை விடுமா என்று நினைத்தேன். ஸ்டோர்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு பால் டின் நிறைய எடுத்துவந்தேன். கையில் உறை போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நீளமான குச்சியில் கந்தல் சுற்றி, மூன்று நாள் பூசினேன். நீ கையுறை, முகமூடி, கண்ணாடி என்று விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி நிற்கும்போது நான் கிண்டல் பண்ணினேன் இல்லையா? நானும் அப்படித்தான் நின்றேன். அது எப்படிப்பட்ட சாமான் என்று எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெரிந்தது. இதை நீ மறக்காமல் மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் மறந்தால், பின்னால் நான் சொல்லப்போவதற்கு அறியாமை என்று பெயர் வைத்து என்னைத் தப்பிக்க விடுவாய்.

கரையான் செத்தது. யாரிடமும் சொல்லாதே என்றார் உன் அப்பா. ஸ்டோரில் திருடியது தெரிந்தால் எனக்கு வேலை போகும். அது ஒன்று. அம்மன் ஏறுகிற வாகனத்தில் விஷத்தைப் பூசியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பரிகாரம், பூஜை என்று ஆரம்பித்துக் கடைசியில் குதிரையைக் கடலில்தான் விடுவார்கள். அது இரண்டு. இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டது. மேலே ஃபைபர்கிளாஸ் சுற்றிப் பெயின்ட் அடித்துவிட்டால் யார் கையிலும் படாது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் ஃபைபர்கிளாஸும் புட்டியும் ஒர்க்‌ஷாப்பில் மிச்சம் விழுந்தால்தான் உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சேர்த்துக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் குதிரை கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் வெறும் மரமாக நின்றது. உன் படத்தில் மரத்துக்கும் புட்டிக்கும் நடுவே இடைவெளி ஒன்றும் தெரியவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு மாதம் அதில் தெரியாது.

அஞ்சலை அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. அந்தத் தோட்டத்தில் அதற்கு ஒரு வேண்டுதல் இருந்தது. வாகனத்தின் காலைக் கழுவி, வழிகிற தண்ணீரைச் செம்பில் பிடித்து, வெறும் வயிற்றில் ஒரு வாய் குடிக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள். மற்ற நாளில் பெயின்டும் எண்ணெயும் பிசுக்கும் ஏறிய குதிரை, கழுவினால் தூசிதான் வரும். இப்போது சுரண்டிப் போட்ட வெறும் மரம். அவள் ஆரம்பித்தது எனக்குத் தெரியாது. பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, வேலைக்குப் போகிற வழியில் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பின்னங்காலில் தண்ணீர் ஊற்றி, செம்பைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் ஓடினேன். "அக்கா, அத குடிக்காதீங்க. மரத்துல ஒரே அழுக்கு" என்றேன். அவள் சிரித்தாள். "சாமி தண்ணி லா. ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, என் கண் முன்னால் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுக்கு என்று சொன்னேன். விஷம் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அன்று அவள் தோம்பை என் கையால்தான் முதுகில் மாட்டிவிட்டேன், அப்போதும் சொல்லவில்லை.

சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் முகம் மாறியது, அதை மறைக்க மாட்டேன். பூசி எத்தனை நாளாகிவிட்டது, காய்ந்திருக்கும், ஒரு வாய்த் தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். எனக்கு அந்தப் பதில் தேவையாக இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். லயமே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தச் செம்புதான் கண்ணில் நின்றது. ஆனால் நாள் தள்ளிப் போனது நிஜம், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரும் பார்த்துச் சொன்னார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். வேண்டுதல் பலித்துவிட்டது என்று அவள் நாற்பத்தெட்டையும் விடாமல் முடித்தாள். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உடம்பு கறுத்தது, உள்ளங்கையில் சின்னச் சின்னதாக ஆணி மாதிரி காய்த்தது. கையைப் பார்த்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தீட்டோடு வாகனத்தைத் தொட்டிருக்கிறாள், அதுதான் கையிலேயே காட்டிவிட்டது என்று. ஒரு நாள் கோயிலில் பெண்களையெல்லாம் உட்காரவைத்து, அவளோடு வேலை செய்கிறவள் என்று என்னைத் தனியாகக் கேட்டார்கள், அந்த நாற்பத்தெட்டு நாளில் அவள் தூரமானாளா என்று. அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது, தூரமாகவே வழியில்லை. அதைச் சொன்னாலே போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு எப்படித் தெரியும் என்றேன். வாயைத் திறந்தால் மற்றதும் வந்துவிடுமோ என்று பயம். பரிகார பூஜை செய்தார்கள். கொட்டகைப் பக்கம் வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். அந்த வருஷமே அவளும் அவள் கணவரும் போர்ட் கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்பே, அந்த இரண்டு மாதம் முடிந்த கையோடு, உன் அப்பா புட்டி வைத்து, தேய்த்து, ஃபைபர்கிளாஸ் சுற்றி, சிவப்படித்து முடித்திருந்தார். குதிரை புது லோரி மாதிரி மின்னியது. அதற்கடுத்த வருஷம் நீ பிறந்தாய்.

உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பல்லாங்குழிப் பலகையை உடைத்துவிட்டு வேறொரு பையன் உடைத்தான் என்று சொன்னாய், நினைவிருக்கிறதா? டீச்சர் அவனை முட்டிபோட வைத்தார் என்று தெரிந்ததும் உன்னைச் சுங்கை வே வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தேன். திரும்பி வரும்போது நீ அழவில்லை, என்னைப் பெரிய நியாயஸ்தி என்று நிமிர்ந்து பார்த்தாய். உன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லி, பொய் சொல்லாமல் இருக்க எனக்கு அம்மா கற்றுக்கொடுத்தார் என்று மைக்கில் பேசினாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து போய் ரசம் ஊற்றுகிற இடத்தில் நின்றுகொண்டேன். கூச்சப்படுகிறார் என்று நினைத்தார்கள். அடுத்தவர் மேல் பழி போட்டதற்காக உன்னை இழுத்துப்போன கை இது, தம்பி. அந்த நேரத்தில் எனக்கு உன் மேல் வந்த கோபம் பாதிதான் உன்னுடையது. மீதியை இத்தனை வருஷம் கழித்து உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்ததா என்று கேட்பாய். தெரியாது என்றால் பாதிப் பொய். தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். தோட்டத்தை விற்றார்கள், கோயிலை இந்தப் பக்கம் மாற்றினார்கள், நாங்கள் சுங்கை வேவுக்கு வந்தோம், நான் ஃபேக்டரி வேலைக்குப் போனேன், மூன்று ஷிப்டு, அதில் நினைக்க எங்கே நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன தீபாவளிக்கு முன்னால் நீ வீட்டுக்கு வந்தபோது, ஏன் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறாய் என்று உன் மனைவி கேட்டதற்கு, சமையலறையில் நின்றுகொண்டு நீ விளக்கினாய். இந்த ஆர்சனிக் உடம்பில் ஏறினால் முதலில் வாந்தி, பிறகு தோல் கறுக்கும், உள்ளங்கையில் ஆணி மாதிரி காய்க்கும் என்று. நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று தோசை கருகியது. அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் இருவரும் என்னை உட்காரச் சொன்னீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்தாவது பத்தியில் அவள் பெயரைப் பார்த்த பிறகுதான், இது இனி அவளுடைய பேரப்பிள்ளை மாதிரி இருக்கிற பிள்ளைகளெல்லாம் நின்று படிக்கிற பலகையில் ஏறப்போகிறது என்று உறைத்தது. முதல் தடவை பேச்சில் பழி போட்டோம். இந்தத் தடவை நீ அச்சடிக்கப்போகிறாய், அதுவும் என் மகன்.

போன செவ்வாய்க்கிழமை நான் கொமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளான் போனேன். கோயில் பக்கத்தில் பூக்கட்டுகிறவளிடம் விசாரித்து விலாசம் வாங்கியிருந்தேன். அஞ்சலை அக்கா உயிரோடு இருக்கிறாள். கணவர் போய்ப் பத்து வருஷமாகிறது. தங்கை மகள் துறைமுகத்தில் வேலை செய்கிறாள், அவளோடு ஒரு ஃபிளாட்டில் நான்காவது மாடி. கதவைத் திறந்ததும் அடையாளம் தெரியாமல், "எந்த கொம்பனி ஆன்டி?" என்றாள், ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து. பெயரைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கித் தந்தாள். கோப்பையை வாங்கும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம், புண் ஆறாமல். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள், சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கால் விரல் எடுப்பதைச் சொல்கிற மாதிரி. நான் மைலோவைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய், பால் டின், மூன்று நாள், செம்போடு அவளைப் பார்த்தது, கோயிலில் என்னைக் கேட்டது, எனக்கு எப்படித் தெரியும் என்றது. எதையும் பூசி மெழுகவில்லை. உன் அப்பா சொன்னதால்தான் என்றும் சொல்லவில்லை.

அவள் கத்துவாள், கோப்பையைப் பிடுங்கி எறிவாள் என்று தயாராகப் போனேன். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் தீட்டோட தொடல?" என்றாள். இல்லை என்றேன். "ஒனக்கு அது அப்பவே தெரியும்?" தெரியும் என்றேன். "நான் நாள தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்டி" என்றாள். "இத்தன வருஷமா எண்ணிப் பாக்குறேன். காலண்டர் இல்லாமலே எண்ணுவேன். எங்கயோ ஒரு நாள் விட்டுட்டேன்னு." அதைச் சொல்லும்போது விரல் இல்லாத கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் எண்ணிக்காட்டினாள். மன்னித்துவிடு என்று கேட்கலாம் என்று ரயிலில் வரும்போதெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. ஒருவரைத் தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டு, அவரிடமே போய் எனக்கு ஆறுதல் கொடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். அவள் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "எடுக்கச் சொல்லாத. அந்தக் கோயில்ல என் பேரு அப்படியே கெடந்து செத்திருச்சி. சரியா எழுதச் சொல்லு" என்றாள். அதனால் தம்பி, ஐந்தாவது பத்தியை நான் திருத்தி, இதோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன். மரத்தில் ஆர்சனிக் மருந்தைப் பூசியது என் பெயருள்ள பெண், தோட்டத்து மருந்தடிப்புத் தொழிலாளி, வாகனத்தைச் சரிசெய்தவரின் மனைவி. அது காய்ந்து மூடப்படுவதற்கு முன் வேண்டுதலுக்காக அதைக் கழுவிய தண்ணீரைக் குடித்தவர் அஞ்சலை. அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம் பொய். இதில் ஒரு எழுத்தையும் குறைக்காதே. உன் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முன்பு பயன்படுத்தப்பட்ட பொருளின் மூலம் அறியப்படவில்லை என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் வலிக்காது, அம்மாவும் தப்பித்தாள் என்று தோன்றும். இந்த வயதில் என்னை யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை. கோயிலில் நாலு பேர் முகத்தைத் திருப்புவார்கள், திருப்பட்டும். உன் மேலதிகாரி உன்னைச் சங்கடமாகப் பார்க்கலாம், அதற்காக வருந்துகிறேன். உன் அப்பாவின் பெயரை அந்த அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டாம். அந்தப் புட்டி வேலையை அவர் ஆசையாகச் செய்தார். அதுவும் உண்மை. இதுவும் உண்மை. இரண்டையும் ஒரே பலகையில் போட இடம் இருக்கும்.

தொழிலில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். நீ தலைவரைக் கேட்டாய், செயலாளரைக் கேட்டாய், பழைய நோட்டைப் பார்த்தாய். கழுவினவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருந்தாள். வாகனத்தைத் தூக்கினவர்கள் பெயர் நோட்டில் இருக்கும். துடைத்தவர்கள், கழுவினவர்கள், எண்ணெய் பூசினவர்கள் பெயர் ஏதாவது குற்றம் நடந்தால்தான் அதில் ஏறும். இனி எந்தப் பழைய மரச்சாமான் உன் மேஜைக்கு வந்தாலும், அதைத் தொட்டுப் புழங்கின பெண்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் தேடு. அவர்கள் எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதே. இன்னொரு நாள் போய் மறுபடி கேள். நீ என்னை இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்மேல் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, என் கோழைத்தனத்துக்கு உன்னைப் பொறுப்பாக்கவில்லை.

கிளம்பும்போது அஞ்சலை அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். இல்லை, என்னிடம் கேட்கவில்லை. உன் மகன் மெஷின் வைத்து எல்லாம் பார்க்கிறானே, அவனுக்குத் தெரியுமா, என் பிள்ளை அதனால்தான் போனதா என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நீ சும்மா இரு என்றாள். நீ என்ன சொல்வாய் என்று ரயிலில் நானே யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு கரைந்தது என்று இப்போது அளக்க முடியாது, நாங்கள் இருவருமே தினமும் வேறு மருந்தடித்தவர்கள், ஐந்தாம் மாதம் குழந்தை தங்காததற்கு ஆயிரம் காரணம் உண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி வருகிறது என்று பார்த்ததும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அதனால் அந்தப் பதிலை நீ என்னிடம் சொல்லி அனுப்பாதே. மரத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிருக்கும், அது ஒரு பெண்ணை என்ன செய்யும், உனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் உன் அம்மா என்பதற்காக ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லாதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பாளாம். விலாசம் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவன் மட்டும் வரட்டும் என்றாள்.

அம்மா